ஐந்தாம் பக்கத்து அடைப்புக்குறி

முனிர்கா,
டெல்லி.

அன்புள்ள ஷ்ரவணுக்கு,

மாதங்கி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் எப்படியும் என்னைச் சமாதானம் செய்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

வெயில் ஆரம்பித்துவிட்டது, மாடி அறை கொதிக்கிறது. ஞாயிறன்று ஆர்.கே.புரம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். ஜெர்மனியில் இருக்கும் பிள்ளையின் கட்டுரை அச்சாகிவிட்டது என்று குவார்ட்டர்ஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்திருக்கிறார். நாம் சேர்ந்து எழுதியதில் என் பெயர் இல்லையே என்றேன். "ஆத்துக்காரன் பேர் வந்தா உன் பேர் வந்த மாதிரிதானேடி" என்று எனக்கும் ஒரு லட்டு நீட்டினார். தின்றேன். அவரைக் கோபித்து என்ன பயன்?

நம் கணிதத் துறையில் யார் அதிகம் உழைத்தார் என்ற பேச்சே கிடையாது, பெயர்கள் அகரவரிசையில் வரும். என் பெயர்தான் முன்னால் நிற்கும் என்று நீயே கேலி செய்வாய். இப்போது கடைசிப் பக்கத்தில், பயனுள்ள உரையாடல்களுக்காக எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். சமைத்துப் போட்டதற்கு நன்றி என்று போட்டிருந்தால் சிரித்தாவது இருப்பேன்.

நேற்று நீ போனில் பதறிய விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், ஐந்தாம் பக்கம் தப்புதான். நம் இயற்கணிதத்தில் எதை முதலில் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். இரண்டே உறுப்புகளை மாற்றி மாற்றிப் பெருக்கும்வரை அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் ஒன்றுதான். மூன்றாவது ஒன்று நுழைந்தால் அந்தச் சலுகை கிடையாது. நீ மூன்று உறுப்புகள் இருக்கும் இடத்தில் அடைப்புக்குறியை அலட்சியமாக நகர்த்தியிருக்கிறாய். அந்த இடத்தைத்தான் இங்கே உட்கார்ந்து நான் சரிசெய்துகொண்டிருந்தேன். அதற்குள் பழைய பிரதியை உன் ஒருவன் பெயரில் அனுப்பிவிட்டாய்.

சரியான நிரூபணத்தை அனுப்பு, உன் பெயரிலேயே திருத்தம் போட்டுவிடலாம், இல்லாவிட்டால் அங்கே உன் வேலை நிரந்தரமாகாது என்கிறாய். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன உன்னுது என்னுது என்றும் கேட்டாய். என் ஆய்வேட்டில் இருப்பதே அந்த நிரூபணம்தான். அதையும் கொடுத்துவிட்டால், புருஷன் எழுதியதைப் பார்த்து எழுதியவள் என்பார்கள். பட்டமும் கிடைக்காது.

அனுப்ப மாட்டேன். கட்டுரை நம் இருவருடையது என்று பத்திரிகை ஆசிரியருக்கு நீயே எழுது, மறுநாளே நிரூபணம் வரும். நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

காலையில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் உனக்காக வேண்டிக்கொள்ள நின்றேன். ஆத்திரத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. இங்கே சொல்கிறேன்: நீ நன்றாக இரு, ஷ்ரவண். பக்கத்தில் இருந்து அதைப் பார்க்கும் ஆசைதான் எனக்கு விட்டுப்போயிற்று.

இப்படிக்கு,
மாதங்கி