உத்தரியத்தில் நான் தைத்த காந்தம்

என் அன்பான அன்ரனி அண்ணை,

நீங்கள் போய் இரண்டு வருசம் கடந்துவிட்டது. இத்தனை நாளும் உங்களுக்காகச் செபம் சொன்னேனே தவிர, உங்களோடு ஒரு சொல் பேசவில்லை. பேசினால் நான் செய்ததைச் சொல்லவேண்டி வரும் என்ற பயம்தான். இனிப் பேசாமல் இருக்க ஏலாது. நாளை மறுநாள் உங்கள் மனைவி, றீற்றா மச்சாள், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவிலுள்ள தாய்வீட்டோடு போய்விடப் போகிறார். துரத்துவது அம்மாவின் வாய். அந்த வாயை அடைக்கக்கூடிய சொல் என்னிடம் இருந்தும் நான் ஊமை மாதிரி இருந்துவிட்டேன்.

சண்டை முடிந்துவிட்டது அண்ணை. பூட்டிக் கிடந்த கொழும்புப் பாதையும் திறக்கப் போகிறார்களாம். நீங்கள் கடை கடையாகத் தேடித் திரிந்த வலிப்புக் குளிசை இப்போது ஆஸ்பத்திரியில் சும்மா கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை.

சமாதான காலத்தில் நீங்கள் ஜேர்மனியிலிருந்து ஊர்காவற்துறைக்கு வந்து இறங்கிய நாளில் சட்டையை விலக்கிக் காட்டினீர்கள். இடது தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்குள், நெருப்புப்பெட்டி அளவில் ஒரு மேடு; டொக்டர்மார் உள்ளே வைத்துத் தைத்த மின்பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் கழுத்து நரம்புக்குப் போகிறது, ஐந்து நிமிசத்துக்கு ஒருதரம் அரை நிமிசம் மின்சாரம் கொடுக்கும், அதனால் வலிப்புக் குறையும் என்றீர்கள். குறைந்ததும் உண்மை. கிழமைக்கு மூன்று தரம் விழுந்த மனிசன் மாதத்துக்கு ஒருதரம் விழுந்தீர்கள். றீற்றா மச்சாளைக் கட்டினீர்கள். பெட்டி அடிக்கும்போது மட்டும் உங்கள் குரல் தகரத்தில் சுரண்டிய மாதிரிக் கரகரத்துப் போகும்.

அம்மாவுக்கு அதுதான் பெரிய துக்கம். "வலிப்பை எடுக்கிறன் எண்டு என்ர பிள்ளையின்ர தொண்டையையெல்லோ எடுத்துப்போட்டாங்கள்" என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லுவார். தவக்காலத்தில் ஆண்டவர் பட்ட பாட்டைப் பாடுகிற பசாமில் உங்கள் குரலுக்கு ஊரே அழுத காலம் இருந்தது. திரும்பி வந்த பிறகு நீங்கள் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் வாய் திறக்காமல் இருந்தீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. பண்ணைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கருவி உங்கள் நெஞ்சுக்கு நேரே கத்தியது. உடம்புக்குள் வயரோடு ஒரு தமிழ் ஆம்பிளை, அதுவும் அந்த நாட்களில். சட்டைப்பையிலிருந்த காந்தத்தைச் சிப்பாய் எடுத்தான். அது அவன் துவக்கில் போய் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், மூன்று துவக்குகள் உங்கள் பக்கம் திரும்பின. நீங்கள் கையை உயர்த்தியபடி, கரகரத்த குரலில், "வருத்தம், ஐயா, வருத்தம்" என்றீர்கள். டொக்டரின் கடிதத்தை வாசிக்க ஒரு பெரிய அதிகாரியைக் கூட்டிவரும்வரை அந்தத் துவக்குகள் இறங்கவில்லை.

அந்தக் காந்தம் பெட்டியோடு கூட வந்தது. வலிப்பு வருவது போல இருந்தால் பெட்டிக்கு மேல் ஒருதரம் தடவவேண்டும், அந்த நேரம் கூடுதலாக ஒருமுறை அடிக்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தீர்கள். கையில் இல்லாமல் இருக்கவும் கூடாது, சாவடியில் அகப்படவும் கூடாது. உங்கள் கழுத்தில் நூலில் தொங்கிய, மாதா படம் தைத்த துணித்துண்டான உத்தரியத்தைக் காட்டி, கெட்டிக்காரி நான்தானே யோசனை சொன்னேன். "அண்ணை, உத்தரியத்துக்குள்ள வைச்சுத் தைச்சு விடுறன். மாதா படத்தில ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்கள்."

தைத்தேன். நூலைக் கட்டையாக்கினேன். அங்கே இங்கே சரியாமல் கக்கத்துக்குக் கீழால் இன்னொரு நூலும் கட்டி, சரியாகப் பெட்டிக்கு மேல் இருக்கும்படி செய்தேன். வலிப்பு வரும் நேரம் தேடத் தேவையில்லை என்று பெருமை வேறு. உத்தரியம் எங்கள் வீட்டில் குளிக்கும்போதும் கழட்டாத சாமான். அதோடு செத்தால் மோட்சம் என்று அம்மா சொல்லி வளர்த்தவர்.

இரண்டு நாளில் உங்கள் குரல் திரும்பியது. அம்மா முழங்காலில் கோயிலைச் சுற்றினார். நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அந்தத் தவக்காலம் ஊரடங்குச் சட்டத்தால் பசாமை மத்தியானத்துக்கு மாற்றியிருந்தார்கள். வெயிலில் வியர்க்க வியர்க்க நீங்கள் பாடினீர்கள், ஊர் அழுதது. அதற்குள் உங்களுக்குத் திரும்பவும் வலிப்பு வரத் தொடங்கியிருந்தது. பாதை பூட்டு, கப்பல் இல்லை, குளிசை இல்லை. இருந்ததை மச்சாள் பாதி பாதியாக உடைத்து நாளை நீட்டினார். எல்லாம் அதனால்தான் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

உயிர்த்த ஞாயிறுக்கு நாலு நாள் முந்தி, பெரிய கிழமைப் புதன் காலையில் கிணற்றடியில் விழுந்தீர்கள். ஒரு வலிப்பு முடியமுதல் மற்றது. வான் வண்டியில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு ஓடினோம். உங்கள் தலை மச்சாளின் மடியில். நான் உத்தரியத்தைப் பெட்டிக்கு மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். "எடு டெய்சி, கையை எடு" என்று மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தார். பயத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். மண்கும்பானைத் தாண்டும்போது உங்கள் உடம்பு அடங்கியது. வலிப்பு நின்றுவிட்டது என்று நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

செத்தவீட்டிலேயே அம்மா தொடங்கிவிட்டார். "குளிசையைப் பாதியாக்கி என்ர பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டாள்." கேட்ட ஊர் அதையே சொன்னது. அன்றிலிருந்து அம்மா மச்சாள் கையால் ஒரு வாய் தண்ணி குடித்ததில்லை.

போன மார்கழியில் உங்கள் பெட்டகத்துக்குள் ஜேர்மன் பாசையில் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. அந்த நாட்டில் படித்த ஒரு கன்னியாஸ்திரி எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்திருந்தார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் விரல் வைத்து வாசித்துச் சொன்னார்: காந்தத்தை ஒருதரம் தடவி எடுத்தால் கூடுதலாக அடிக்கும். எடுக்காமல் மேலேயே வைத்திருந்தால் பெட்டி நின்றுவிடும். எடுக்கும்வரை நிற்கும்.

நான் கேட்டேன், "சிஸ்டர், அப்ப அண்ணை செத்தது அதாலயோ?"

"அதைச் சொல்ல ஏலாது பிள்ளை. குளிசையும் குறைஞ்சிருக்கு. பெட்டி ஒழுங்கா வேலை செய்தும் செத்த ஆக்கள் இருக்கினம்."

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துதான் இத்தனை மாதம் இருந்தேன். குரல் திரும்பியது மாதாவின் அற்புதம் இல்லை, பெட்டி நின்றுபோனதன் அடையாளம். அதற்குத்தான் மெழுகுதிரி கொளுத்தினேன். டொக்டர் உங்களுக்கு இதைச் சொல்லாமலா விட்டிருப்பார்? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை.

நேற்று மச்சாள் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த சேலையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்குத் தெரியும் டெய்சி. அவர் சொன்னவர். குரல் திரும்பின அண்டைக்கே அவருக்கு விளங்கிப்போச்சு."

"பிறகேன் கழட்டேல்லை?"

"குளிசையும் பாதி, பெட்டியும் நிப்பாட்டு, வேண்டாமெண்டு கெஞ்சினனான். 'உயிர்த்த ஞாயிறோட கழட்டுறன், இந்த ஒருக்கா பாடவிடு' எண்டவர். பிறகு சொன்னவர், 'தைச்சது அவள். இது அவளுக்குத் தெரியவே கூடாது, தாங்கமாட்டாள்' எண்டு."

இரண்டு வருசம், அண்ணை. அம்மா காறித் துப்பும்போதும், கோயிலில் பெண்கள் வாங்கில் தள்ளி இருந்தபோதும், மச்சாள் ஒரு சொல்லில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை. உங்களோடும் எனக்குக் கோபம்தான். ஒரு பாட்டுக்காக எங்கள் மூன்று பேரையும் இப்படி விட்டுப் போவீர்களா? அன்றைக்கு வானுக்குள் மச்சாள் சொன்னபடி கையை எடுத்திருந்தால் இன்றைக்கு இருப்பீர்களா? எனக்கு ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மச்சாள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "மாமியிட்ட சொல்லிப்போடாதை. நான் போறவள். அவவுக்கு மிஞ்சியிருக்கிறது நீ ஒருத்திதான்."

அவர் சொல்வது சரி. சொன்னால் அம்மா எனக்கும் இல்லாமல் போகலாம். அந்தப் பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இதைப் பங்குப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். மச்சாளைத் தூற்றியது ஊர் முழுக்க. வாசிப்பதும் ஊர் முழுக்க வாசிக்கட்டும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பிறத்தியார் வாயால் அவர் இதைக் கேட்கக்கூடாது. அவர் பூசை முடிந்து வந்துவிட்டார், குசினியில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. மச்சாளையும் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நானே உரத்து வாசிப்பேன். நடுவில் அம்மா என்ன சொன்னாலும் நிறுத்தமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் சத்தியம்.

உத்தரியம் தைத்த உங்கள் தங்கச்சி,
றீற்றாவின் மச்சாள்,
டெய்சி