சிவப்பு பூசாத வருஷம்

ஜூலை 6

மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் மூங்கில் முளைகள் தலைகாட்டிவிட்டன. ஒவ்வொன்றின் அடியிலும் நான்தான் அந்தந்த வருஷத்து வண்ணத்தைப் பூச வேண்டும். முந்தின வருஷம் வெள்ளை, போன வருஷம் மஞ்சள், இந்த வருஷம் சிவப்பு. மூன்று மழைக்காலத்தில் பூச்சு உதிர்ந்துவிடும். பூச்சு உதிர்ந்த கழி விளைந்தது, வெட்டலாம். அதுதான் எங்கள் கணக்கு.

இந்த வருஷம் பூசப் போகமாட்டேன். நேற்று ஏணி வாங்க வந்தவரிடம் அண்ணன் சொல்கிறார்: "இவனா? சும்மா கூடமாட ஒத்தாசைக்கு இருக்கான். மரம் பாத்து வெட்டறதெல்லாம் நான்தான்." பதினெட்டு வருஷமாக ஏணிப்படி செதுக்குகிறேன். ஒத்தாசையாம்!

ஜூலை 19

முளைகள் என் தலைக்கு மேல் போய்விட்டன. "பெயிண்ட் அடிச்சாச்சா தம்பி?" என்றார் அண்ணி. ஆச்சு என்றேன்.

செப்டம்பர் 2

இரண்டே மாதத்தில் முழு உயரம். இனி வளராது, பருக்காது. உள்ளே இறுகத்தான் மூன்று வருஷம். எங்கள் ரகத்துக்கு முள் கிடையாது, அடிக்கழி கெட்டி, அதனால்தான் ஏணிக்கு இதையே தேடி வருகிறார்கள். ஆனால் இளசை நம்பி ஏற முடியாது.

இப்போதுகூடப் போய்ப் பூசலாம். அண்ணன் தன் வாயால் கேட்கட்டுமே.

பிப்ரவரி 11

அண்ணன் இரண்டு கழி வெட்டி வந்தார். தட்டினேன், மொத்தென்றது. விளைந்த கழி கணீரென்று கேட்கும். இளங்கழி மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடிகூடப் போகவில்லை. இவர் கண்ணுக்கு அது தெரியவில்லையா? அடியில் பூச்சு இல்லை, விளைந்தது என்று வெட்டிவிட்டார்.

சொல்லலாமா? ஒத்தாசைக்காரனுக்கு என்ன தெரியும்!

மார்ச் 20

ஏணி முடிந்தது. அந்தக் கழிகளில் படிகளை நான்தான் இறக்கினேன், வாயைத் திறக்காமல். நாளை அண்ணன் உச்சிப்படி வரை ஏறிப் பார்ப்பார். அப்படி ஏறாமல் எங்கள் பட்டறையில் ஒரு ஏணியும் வெளியே போனதில்லை. இரண்டாம் படியிலேயே முறியும். நாலு பேர் முன்னால் மூக்கறுபடட்டும்.

மார்ச் 21

ஒன்பதாம் படியில் முறிந்தது.

மார்ச் 23

இடுப்பெலும்பு. நடந்தாலும் கோல் ஊன்றித்தான் என்கிறார் டாக்டர்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பச்சைக் கழிய வெட்டிட்டேன்டா. கொஞ்ச நாளாவே கண்ணு சரியில்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. தப்பு என்னோடதுதான்."

டேய், உண்மையைச் சொல்லித் தொலையேன்டா! நாக்கு நுனி வரை வந்தது. "தூங்குங்கண்ணே" என்றுதான் சொன்னேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஜூன் 14

அண்ணன் அரிவாளை என்னிடம் கொடுத்துவிட்டார். வந்த ஆளிடம் சொன்னார்: "இனிமே மரம் பாத்து வெட்டறதெல்லாம் என் தம்பிதான். என்னைவிடக் கெட்டிக்காரன்." இதைக் கேட்கத்தானே இவ்வளவும்?

ஜூலை 4

மறுபடி முளைகள். இந்த வருஷம் வெள்ளை. டப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். அண்ணியும் கூட வந்தார். புதருக்குப் புதர் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

"மஞ்சள் இருக்கு. அதுக்கு முந்தின வெள்ளைகூட உதிர்ந்தது போக அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கு. போன வருஷம் சிவப்புதானே தம்பி? ஒண்ணுகூடக் காணோமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணி என் கையிலிருந்து டப்பாவை வாங்கி, முதல் முளையின் அருகே உட்கார்ந்து, தானே பூச ஆரம்பித்தார்.