முகத்துவாரத்து மண்

நவம்பர் 14, வியாழன்

நாலு நாளாக அடைமழை. ஆற்றில் இறால் படுகிறதாம். தோணி தள்ள எனக்கு மனமில்லை. மூத்த மகள் ஸாதியாவின் அறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் பேத்தியின் உயரத்துக்கு ஏறிவிட்டன. இனாயாவுக்கு நாலு வயது. விரலால் தொட்டுப் பார்த்து, "மூத்தவாப்பா, செவருல எறும்பு போகுது" என்றாள்.

எறும்பு இல்லை, பூஞ்சணம். எறும்பென்றால் சீனியைக் கண்டு வரும், சீனி முடிந்தால் போகும். அதுக்குக்கூட ஒரு ஒழுங்கு இருக்கிறது. இதுக்கு?

பெயின்ற் வாங்கி வந்தேன். இது ஐந்தாவது வாளி.

நவம்பர் 19

காலையில் இனாயாவுக்கு இழுப்பு. நெஞ்சு பழைய கதவு மாதிரிக் கிறீச்சிட்டது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடித்தார்கள். டொக்டர்ப் பெண்பிள்ளை கேட்டா, "வீட்டுல ஈரம் இரிக்கா ஐயா?"

ஸாதியா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "இல்ல டொக்டர், புது வீடு."

நவம்பர் 20

ஏன் அப்படிச் சொன்னேன்?

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. மாப்பிள்ளை வந்து அவள் வீட்டில் இருப்பார். வீட்டைக் குறை சொன்னால் கட்டின வாப்பாவைக் குறை சொன்ன மாதிரி.

வீட்டுக்கான மண்ணை நானே முகத்துவாரத்தில் அள்ளி, நாற்பது நடை தோணியில் ஏற்றினேன். ஒரு நடையில் ஒரு நண்டும் கூட வந்து அத்திவாரக் குழிக்குள் ஓடி ஒளிந்தது. முதல் குடிவந்தது அதுதான் என்று சிரித்தோம். நண்டை விடு. மேசன் றிஸ்லான் பாஸ், எனக்குத் தம்பி மாதிரி, அன்றைக்கே சொன்னான்: "காக்கா, உப்பு மண்ணு. ஒரு மாரி மழையில கழுவ உடுங்க, மறுகா கட்டுவம்."

அப்போது ஸாதியாவின் நிக்காஹ்வுக்கு நாள் வைத்தாயிற்று. மழையில் கழுவ நான் விடவில்லை. வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

ஒட்டினாற்போல் சின்னவள் இர்ஷானாவின் வீடும் அப்போதே எழும்பியது. அதே மண். பூட்டிக் கிடக்கிறது.

டிசம்பர் 3

றிஸ்லான் பாஸ் வந்து பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்தான். "கறிக்குப் போடலாம் காக்கா."

"மருந்து ஒண்டும் இல்லையா?"

"பூச்சு மட்டுமா? சீமெந்துக் கல்லும் அந்த மண்ணுலதானே அறுத்த. உப்பு இரிக்கிற வரைக்கும் தண்ணிய இழுக்கும். இடிக்கிறதுதான்."

ஸாதியா தேத்தண்ணி கொண்டு வந்தாள். பேச்சை இறால் விலைக்கு மாற்றினேன்.

டிசம்பர் 8

மருமகன் இஷாம் சொன்னார், "புள்ளய ஏறாவூருக்கு உம்மாட்டக் கொண்டு போறன். நீயும் வா."

ஸாதியா சீறினாள். "வாப்பா தந்த ஊட்ட உட்டுட்டு மாமிட ஊட்டுல போய்க் குந்தவா? ஊரு சிரிக்கும். ஈரம் எல்லார் ஊட்டுலயும் வாறதுதான். என்ன வாப்பா?"

என்னைப் பார்த்தாள். இப்ப சொல்லு, இப்பயாவது சொல்லுடா பக்கீர் —

"மாரி முடிஞ்சாக் காஞ்சிரும் மகள்" எண்டன்.

டிசம்பர் 9

இஷாம் பிள்ளையை மட்டும் கூட்டிப் போனார்.

டிசம்பர் 27

இனாயா போனில் பேசினாள். அங்கே போனதிலிருந்து ஒருநாளும் இழுக்கவில்லையாம். ஸாதியா போனை வைத்துவிட்டுத் துணியும் வாளியுமாகச் சுவரைத் தேய்க்கத் தொடங்கினாள். "வெளுத்தாப் புள்ள வந்திரும் வாப்பா."

இப்போது அவளும் இருமுகிறாள்.

ஜனவரி 18

இர்ஷானாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் அவளுடைய வீட்டைப் பார்த்தார்கள். முந்தாநாள்தான் பெயின்ற் அடித்தேன், இளம்பச்சை. மாப்பிள்ளையின் உம்மா உள்ளங்கையைச் சுவரில் வைத்தா. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"என்ன குளிர்ச்சி! கோடைக்கும் ஃபேன் தேவல்ல. நல்ல ஊடு காக்கா."

சுவருக்கு அந்தப் பக்கம் ஸாதியா இருமினாள்.

"ஓம்" எண்டன்.