இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு உதவித்தொகை?

என் கழுத்தில் தாலி கட்டிய மகராசனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். இருந்த காலத்திலேயே உங்கள் நலத்துக்கு நீங்கள் ஒரு குறையும் வைத்துக்கொண்டதில்லை. ஐந்தாவது வரை படித்தவளின் கையெழுத்து, பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வீட்டுக்குள் பேசி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது?

முதலில் சேதி. நிலக்கோட்டையில் உங்கள் பூக்கமிஷன் கடை நன்றாகவே ஓடுகிறது. நம் மகன் முருகேசன் இரண்டாவது வேனும் வாங்கிவிட்டான். மல்லிகை விலை ஏறினாலும் இறங்கினாலும் அவன் கமிஷன் அவனுக்கு. நன்கொடை கேட்டு ஆள் வந்தால் மட்டும், உங்களைப் போலவே கிழிந்த பனியனோடு வாசலில் வந்து நின்று, "யாவாரமே இல்லண்ணே" என்கிறான். எதைக் கற்றுக்கொடுத்தீர்களோ இல்லையோ, இதைக் கற்றுக்கொடுத்தீர்கள்.

உங்கள் பேத்தி தர்ஷினி பிளஸ் டூவில் பள்ளிக்கே முதலாக வந்தாள். பெங்களூரில் புள்ளியியல் படிக்க ஆசைப்பட்டாள். அப்பன்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "அம்புட்டுத் தொலவுக்கு அனுப்பி, அம்புட்டு பீசு கட்டுறதா? நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவளுக்கா? திண்டுக்கல்லுல பொம்பளப் பிள்ளைக காலேஜு இல்லையா?" தம்பிக்காரன் ஆறாவதுதான் படிக்கிறான். அவன் மேல்படிப்புக்கென்று இப்போதே மனை வாங்கிப் போட்டிருக்கிறது.

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. நம் மகள் ராணி நர்சிங் படிக்க அரசாங்க உதவித்தொகை கேட்டு எழுதிப் போட்டாள். தகப்பனுக்குத் தோட்டமும் கடையும் இருக்கிறது, உனக்குக் கிடையாது என்று திருப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு வந்து நின்ற பிள்ளையிடம், வெற்றிலையை மென்றபடி நீங்கள் சொன்னீர்கள்: "பாத்தியா, ஒன்னையப் பணக்காரின்னு கவருமெண்டே சொல்லிருச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். கடையாட்களும் சிரித்தார்கள். அடுத்த வைகாசியில் அவளை ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. அப்பன் பெட்டியில் இருக்கும் பணம் மகள் கையில் இருக்கும் பணமாகுமா? அந்த ஆபீசருக்குத்தான் தெரியவில்லை. உங்களுக்குமா?

தர்ஷினி விவரமான பிள்ளை. சென்னையில் ஓர் அறக்கட்டளை, வீட்டு வருமானத்தைக் கேட்பதே இல்லையாம். மார்க், ஒரு பரீட்சை, ஒரு நேர்காணல். தேறினால் முழுப் பீசும் அவர்களே கட்டுவார்கள். தானே தேடிப் பிடித்து எழுதினாள், பரீட்சையிலும் தேறினாள். நேர்காணலுக்குப் பெற்றவர் ஒருவர் கூட வர வேண்டும். "சும்மா வாரத விடுவானேன்" என்று முருகேசன் கிளம்பினான். துணைக்கு நானும் போனேன்.

வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டான். "காதுல கெடக்குற தோட்டக் கழட்டு. அந்த வெளுத்த சுடிதாரப் போடு. காரு வேணாம், பஸ்ஸுல போவோம்."

"அவங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்கப்பா."

"காசு குடுக்குறவன் எவன்டி பாக்காம குடுப்பான்? ஒனக்கு என்ன தெரியும்?"

திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையிடம் கணக்குக் கேட்டார்கள். மளமளவென்று சொன்னாள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். உங்கள் மகன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். "பூ வெல படுத்துருச்சுங்கய்யா. கடன் கழுத்த நெரிக்குது. ஒரு வேளைக் கஞ்சிக்கே..."

நடுவில் இருந்த அம்மாள், "சார், நாங்க அதக் கேக்கவே இல்லையே" என்றார். அவன் நிறுத்தினால்தானே!

தர்ஷினி எழுந்து நின்றாள். "மேடம், எங்க வீட்ல கஷ்டம் இல்ல. கடை இருக்கு, தோட்டம் இருக்கு, ரெண்டு வேன் இருக்கு. எனக்குச் செலவு பண்ணத்தான் மனசு இல்ல. அதான் மார்க்க மட்டும் பாக்குற எடத்துக்கு வந்தேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "பாட்டி, நீங்க சொல்லுங்க."

"எம்மகன் சொல்ற கஞ்சிய நான் இன்னும் கண்ணால பாக்கல தாயி. காலைல இட்லிக்குக் கறிக்கொழம்பு ஊத்தித் தின்னுட்டுத்தான் வந்திருக்கான்."

மூன்று பேரும் குனிந்துகொண்டார்கள். முருகேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டான்.

போன வாரம் தகவல் வந்தது. கிடைத்துவிட்டது. ஆனால் கல்லூரியில் சேர அப்பன் கையெழுத்து வேண்டும், அவன் போட மாட்டேன் என்கிறான். "சபையில என்னையப் பொய்யனாக்கிட்டா. இவ அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறா?" பொய்யனாக்கினாளாம்! புதிதாக ஆக்குவதற்கு என்ன மிச்சம் இருந்தது? மாதக் கடைசிக்குள் போடாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். இவள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போகிறாள்.

அவன் யார் பேச்சையும் கேட்க மாட்டான், உங்கள் பேச்சைத் தவிர. உங்கள் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் தராசையே தொடுகிறான். அதனால்தான் எழுதுகிறேன். பாசம் பொங்கி வழிந்து எழுதவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் திதி. என் கையால் ஆக்கிப் படைத்தால்தான் நீங்கள் வந்து சாப்பிடுவீர்கள், படையல் தவறினால் யாவாரம் படுத்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. இந்தத் தடவை நான் ஆக்கப் போவதில்லை என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். "ஐயையோ அத்தை, மாமாவுக்குப் படையல் இல்லாமயா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில் பொத்தினாளா, சிரிப்பை மறைத்தாளா, தெரியவில்லை.

ஆகையால் நீங்களே அவன் கனவில் போய்ச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டானானால் எலும்புக் குழம்பும் பணியாரமும் உண்டு. அதற்காக ராணிக்குச் செய்ததை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது தனி. போடவில்லையானால் அடுப்புப் பற்றாது, இலை விழாது. வந்த வழியே பட்டினியாகத் திரும்பிப் போவீர்கள். இந்த வருசம் மட்டுமில்லை, எனக்கு உயிர் இருக்கிற வரைக்கும். இது சத்தியம்.

உங்களுக்குப் பெண்டாட்டி,
அதற்கும் மேலே ராணிக்கு ஆத்தா, தர்ஷினிக்கு அப்பத்தா,
பஞ்சவர்ணம்