கோட்டைச் சாவி வாங்கிய அப்பா

எசன், ஜேர்மனி
14.05.1996

அன்பு மகன் றொனால்டுக்கும் மருமகள் துஷானிக்கும் அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், ரொறொன்ரோவில் உங்களுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் மன்றாடுகிறேன். அப்பாவின் பிறஷரைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதை விடு, ஞாயிற்றுக்கிழமை பங்கு மண்டபத்தில் நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குத் திருகோணமலைக் கோட்டைக் கதையை நாட்டுக்கூத்தாகப் போட்டார்கள். ஒல்லாந்தர் வைத்திருந்த கோட்டையை 1782இல் முதலில் இங்கிலீசுக்காரன் பிடிக்கிறான், அதே வருடம் பிரெஞ்சுக்காரன் கப்பற்படையோடு வந்து அவனை விரட்டிப் பிடிக்கிறான், பிறகு சமாதானமாகி ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுக்கிறான். உன் அப்பா ஒல்லாந்தத் தளபதி. பிரெஞ்சுத் தளபதி யாரென்று நினைக்கிறாய், உன் மாமா, துஷானியின் அப்பா சிறீதரன்தான். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் கலியாணம் எழுதிக்கொண்டு கனடாவுக்குப் போன நாளிலிருந்து அப்பாவுக்குச் சைவச் சம்பந்தம் பிடிக்கவில்லை, மாமாவுக்கு வேதக்கார மருமகன் பிடிக்கவில்லை, இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் இந்த ஊரில் கூத்துப் பாடக் குரல் உள்ளவர்கள் அவர்கள் இருவர்தான், என்ன செய்வது.

கடைசிக் காட்சியில் பிரெஞ்சுத் தளபதி கோட்டைச் சாவியை ஒல்லாந்தத் தளபதியின் கையில் கொடுக்க வேண்டும். ஒத்திகையில் அப்பா, அந்தாளின்ர கையால நான் வாங்கமாட்டன் என்று நின்றுவிட்டார். கூத்துப் பழக்கிய அந்தோனிப்பிள்ளை அண்ணை களைத்துப்போய் இடையில் ஒரு முக்காலி போட்டார், மாமா அதில் வைப்பார், அப்பா எடுப்பார். பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிறு மண்டபம் நிறையச் சனம். கார்னிவல் முடிந்து மலிவாகப் போட்ட கடையில் வாங்கிய இறகுத் தொப்பியோடு அப்பா, சரிகைக் கோட்டோடு மாமா. கப்பற்சண்டைக்கு மத்தளம் அடித்த அடியில் எங்கள் மேல்வீட்டு ஜேர்மன்காரியும் எழும்பி நின்றாள். கடைசிக் காட்சியில் மாமா சாவியோடு முக்காலியைத் தேடுகிறார், காணவில்லை. எப்படிக் காணும், திரைக்குப் பின்னால் அதன்மேல் நான்தானே சீலையை விரித்துக் குந்தியிருந்தேன். சாவி கைமாறாமல் மங்களம் பாட முடியாது, அதுவரை அதே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாட வேண்டும், அதுதான் கூத்தின் முறை. பிற்பாட்டுக்காரர் விடாமல் பாடுகிறார்கள், மாமா நீட்டிய கையை மடக்கவில்லை, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அவருக்குத் தோளில் வருத்தம் இருப்பது துஷானிக்குத் தெரியும். அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டப் போய், சாவியோடு சேர்த்து அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார், மகன். அப்படியே இருவரும் மங்களம் பாடி முடித்தார்கள். எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது.

திரை விழுந்ததும் அப்பா, சம்பந்தி, கை நோகுதோ, கொஞ்சம் இருங்கோ என்று சொல்லிவிட்டு முக்காலியைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தார். நான் எழும்பிக் கொடுத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கள். மாதா உங்களைக் கண்போலக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, இவ்வளவு காலமும் டெலிபோனை அப்பா எடுத்தால் நீ பேசாமல் வைத்துவிடுவாய். இந்த ஞாயிறு அவர்தான் எடுப்பாராம், வைத்துவிடாதே.

உன் அம்மா
சூ. ஞானமலர்