மூச்சு நின்ற இடங்கள்

ஜனவரி 8
இன்றும் ஒன்பதாம் வகுப்பில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்த சத்தத்தில்தான் விழித்தேன். காலையிலிருந்தே தலைவலி வேறு. ராத்திரி முழுக்கப் படுத்துத் தூங்கி எழுந்தவளுக்கு ஏன் இந்த அசதி?

ஜனவரி 16
ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டதாம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, என் கணவர் செழியன் என் இலையில் இருந்த பொங்கலை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார். "ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து வடையும் போண்டாவுமா தின்னா, சர்க்கரை வராம என்ன வரும்?" நான் வடை தின்று இவர் எப்போது பார்த்தார்? இனி இந்த டைரியில் இவரை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். வாயால்தான் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 4
குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் குறட்டை. தூங்கும்போது பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். மேலே 'எங்க வீட்டு அறுவடை மிஷின்' என்று ஒரு வரி. நாத்தனார் ஆனந்தவல்லி சிரிக்கிற பொம்மைகளாக வரிசையில் போட்டிருக்கிறாள். என் அண்ணனும்தான்.

திருச்சியில் படிக்கிற மகள் கனிமொழி மட்டும் போன் செய்தாள். அவள் சிரிக்கவில்லை. "அம்மா, நடுநடுவுல சத்தமே இல்லம்மா. மூச்சு நின்னு நின்னு வருது. அப்புறம் திணறுற. டாக்டர்கிட்ட இதப் போட்டுக் காட்டு."

பக்கத்தில் படுத்தவளுக்கு மூச்சு நிற்கிறது, இவன் போனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். தட்டி எழுப்பணும்னு தோணலையா உனக்கு? நான் செத்துகித்துப் போயிருந்தா — அதையும் அனுப்பியிருப்பியா?

பிப்ரவரி 6
அவனுக்குச் சோறு மட்டும் வைத்தேன்.

பிப்ரவரி 17
தஞ்சாவூரில் டாக்டர் இர்பான் அந்தப் பதிவைக் காதருகே வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். தூக்கத்தில் என் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகிறது போல. நிற்கிற போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, உடம்பு பதறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. "இந்தத் தொந்தரவு இருக்கவங்களுக்கு சர்க்கரை வர்ற வாய்ப்பு அதிகம்மா. எடையும் ஒரு காரணம்தான். ஆனா சாப்பாட்ட மட்டும் குத்தம் சொல்லக் கூடாது."

இவன் விடுவானா? "அப்ப இவ வாயக் கட்ட வேணாமா சார்?"

"இந்தச் சத்தத்த நீங்க எத்தன வருஷமா கேக்குறீங்க?" என்றார் டாக்டர். அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஒரத்தநாட்டில் எங்கள் வீடு வரும்வரை டாக்டரைத் திட்டிக்கொண்டே காரை ஓட்டினான். எனக்கு மனசு குளிர்ந்தது.

மார்ச் 9
தூக்கப் பரிசோதனையில் அதேதான் என்று உறுதியானது. தூங்கும்போது மூக்கில் முகமூடி மாட்டி, மூச்சு அடைக்காமல் காற்றை ஊதும் மிஷின் ஒன்று கொடுத்தார்கள். "தும்பிக்கை வச்ச மாதிரி இருக்கு" என்றான். முகமூடியைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டேன். அவனுக்காக நான் ஏன் சாகணும்?

மார்ச் 21
தலைவலி இல்லை. வகுப்பில் கடைசி மணிவரை நின்றுகொண்டே பாடம் எடுத்தேன்.

ஜூன் 2
சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "மிஷினால மட்டும்னு சொல்ல மாட்டேன், நீங்க நடக்குறதும் இருக்கு. ரெண்டையும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் ஆனந்தவல்லி. "தூக்கம் இல்லாமத்தான் அண்ணி எல்லார்மேலயும் எரிஞ்சு விழுந்தாங்க. இனிமே சரியாயிடும் பாருண்ணே." அவனும் தலையாட்டினான். என் கோபமும் ஒரு வியாதியாம், குணமாகிவிட்டதாம்!

நானும் கொஞ்சநாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது தலை தெளிவாக இருக்கிறது. கோபமும் தெளிவாகத்தான் இருக்கிறது.

ஜூலை 1
மாறுதல் கலந்தாய்வில் நீடாமங்கலம் பக்கத்துப் பள்ளியை எடுத்தேன். அங்கேயே தங்கப்போகிறேன் என்றதும் குதித்தான். "அதான் நல்லாத் தூங்குறியே, இன்னும் என்னடி கோவம்?"

"நல்லாத் தூங்கி எழுந்துதாங்க சொல்றேன்."

ஜூலை 7
நீடாமங்கலத்தில் ஒரு சின்ன வீடு பார்த்தேன். பின்பக்கம் வயல், நடவு நடக்கிறது. வீட்டுக்கார அம்மா சமையலறையைக் காட்டினார். நான் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் என் மிஷினுக்குப் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பேசி முடித்துவிட்டேன்.