முந்நூறு கிராம் அட்டை தீர்ந்துவிட்டது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, இது எத்தனை கை மாறி உன்னிடம் வருமோ தெரியாது. கம்பெனி முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவன்தான். இப்போது திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை.

கைவேலை டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருக்கிறார். பத்திரிகை அடிக்க அவளும் அவள் அம்மாவும் நம் கடைக்கே வந்தார்கள். ஊரில் வேறு கடையே இல்லையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு உங்கள் இரண்டு பேர் விஷயம் எதுவும் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்துக்குத் தாள் வாங்குகிற இடம், பார்த்துச் செய்வார்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். டீச்சர் என் முகத்தையே பார்க்கவில்லை.

தாள் மாதிரிக் கட்டை எடுத்து வைத்தேன். ரகத்துக்கு ஒரு துண்டாக வெட்டி நீ கட்டி வைத்துவிட்டுப் போனதுதான். அவள் அதைப் பிரிக்கவில்லை, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். முதன்முதலில் பிள்ளைகளுக்குப் பெட்டி செய்யத் தாள் கேட்டு வந்தபோது, எழுதுகிற தாளையே நாலாக மடித்து ஒட்டினால் கெட்டியாகிவிடாதா என்று கேட்டவளாயிற்றே. நீ சிரித்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்தாய். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தாளை எடை போட்டால் எத்தனை கிராமோ அதுதான் கணக்கு, எண்பது எழுதுவதற்கு, பேனா மை ஊறக் கூடாதென்றால் நூறு, விசிட்டிங் கார்டுக்கு முந்நூறு, நூற்றெண்பதைத் தாண்டினால் சின்னக் கையில் கத்தரிக்கோல் ஓடாது என்று அளந்துகொண்டே போனாய். அவள் வாங்கியது ஒரு கைப்பிடித் தாள். மறுநாளே சந்தேகம் என்று திரும்ப வந்து நின்றாள். எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது, உங்கள் இரண்டு பேருக்கும்தான் ரொம்ப நாள் பிடித்தது.

அவள் அம்மாவுக்கு முந்நூறு கிராம் அட்டை பிடித்தது. மேசையில் வைத்தால் நிமிர்ந்து நிற்கிறது, இதிலேயே அடித்துவிடலாம் என்றார். எனக்கு என்ன வந்ததோ, முந்நூறு தீர்ந்துவிட்டது, லோடு வர நாளாகும் என்று சொல்லிவிட்டேன். அலமாரி முழுக்க அதுதான் இருக்கிறது. நம் கடையில் கட்டிங் மெஷின் ஓட்டும் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பத்திரிகை அச்சாகி வெளியே போய்விட்டால் பிறகு பேச்சுக்கே இடமில்லை. அதுவரை எப்படியாவது இழுத்துப் பிடிக்கிறேன். ஒரே ஒரு பயணம் போய்விட்டு வந்து உங்கள் வீட்டில் பேசுகிறேன் என்று அவளிடம் சொன்னவன், அடுத்தடுத்து மூன்று பயணம் போய்விட்டாய். நடுவில் அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. காரணம் கேட்கப் போவதில்லை. இறங்கி வந்துவிடு, அது போதும்.

உன்னை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,
அக்கா

*

தம்பிக்கு,

இன்னும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கடிதம் கிடைத்ததா, கிடைத்தும் பேசாமல் இருக்கிறாயா என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

லோடு வந்துவிட்டதா என்று அந்த அம்மா தினமும் கேட்க ஆரம்பித்தார். இனி தாங்காது என்று, வந்துவிட்டது என்றேன். மாதிரி ஒன்று அடித்துக் கொடுத்தேன். என்ன செய்தேன் தெரியுமா? மடிப்புக்குக் கோடு அழுத்தாமல், அட்டைக்குள் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வைத்து மடித்தேன். மடித்த இடத்தில் படபடவென்று வெடித்து, மை உதிர்ந்து வெள்ளையாகப் பல் இளித்தது. இந்த லோடே சரியில்லை, திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். அப்படி மடித்தால் எந்த அட்டையும் வெடிக்கும் என்பது, கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே நீயும் நானும் கற்றுக்கொண்ட விஷயம். அண்ணன் பொறுக்க முடியாமல், “தெரிஞ்சே அட்டைய இப்படிப் பாழாக்குறீங்களேக்கா” என்றார்.

டீச்சரோடு மாப்பிள்ளையும் அன்று வந்திருந்தார். வெடித்த மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாத்திரை டப்பா அட்டைகூட இதைவிட ஒழுங்கா மடியுமே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை, அவங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க, மெதுவா கொடுங்க என்று சொல்லிவிட்டு, டீச்சர் வாங்கிய தாள் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அந்த மனிதர்மேல் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

இதற்குமேல் பொய் சொல்ல எனக்குச் சரக்கு இல்லையடா. சீக்கிரம் வா.

அக்கா

*

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கப்பலிலிருந்து இறங்கிவிட்டாய், டிக்கெட் எடுத்துவிட்டாய், கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து நிற்பேன் என்று எழுதியிருக்கிறாய். எழுத உட்காரும்போதெல்லாம் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது, அப்படியே நாள் ஓடிவிட்டது என்கிறாய். நீ பொய் சொல்லவில்லை என்று தெரியும். சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான். உன் எழுத்தைப் பார்த்ததும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நீ தங்கியிருக்கும் துறைமுக விடுதிக்கே இதை அனுப்புகிறேன். கிளம்புவதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

போன வாரம் டீச்சர் தனியாக வந்தாள். நேராக உள்ளே போய் அலமாரியைத் திறந்து, முந்நூறு கிராம் அட்டைக் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “இது இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. அதை ஏன் மடிப்புல உடைச்சீங்கன்னும் தெரியும். அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன், சொல்லல. நானும் அவர் வருவார்னுதான் பார்த்துட்டு இருந்தேன்” என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “போதும்க்கா. கடைக்கு யார் வந்தாலும் அவரான்னு திரும்பிப் பார்த்துப் பார்த்து எனக்கே என்மேல வெறுப்பா இருக்கு. அடிச்சுக் கொடுத்துடுங்க, நான் பொழைச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் இதுவரை கேட்டதில்லை. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாதிரிக் கட்டை அவளே பிரித்தாள்.

முந்நூறை எடுக்கவில்லை. நூற்றெண்பதை எடுத்தாள். கல்யாணம் முடிந்ததும் வீடு வீடாகப் பத்திரிகைகளைத் திரும்ப வாங்கி வந்து, வகுப்புப் பிள்ளைகளுக்கு வெட்டி ஒட்டக் கொடுக்கப் போகிறாளாம். அவர்கள் கத்தரிக்கோலுக்கு ஓட வேண்டுமே என்றாள். அவள் அம்மா வந்து பார்த்துவிட்டு, பத்திரிகையா நோட்டீஸா, துவண்டு விழுகிறதே என்று ஒரே சத்தம். டீச்சர் சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பை மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாருக்கு இசைவாக வைத்து, கோடு அழுத்தி, ஒவ்வொன்றையும் நானே மடித்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. எல்லாவற்றையும் தபாலில் சேர்த்துவிட்டு வந்து கடையைத் திறந்தால் உன் கடிதம் கிடக்கிறது.

நீ வருகிறாய் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். வா, வா என்று கரடியாகக் கத்தியவள் நான்தான். இப்போது அதே வாயால் கேட்கிறேன், வராதே. கல்யாணத்துக்கு வராதே. கல்யாணம் முடிந்தாலும் இப்போதைக்கு வராதே, வாரா வாரம் தாள் வாங்க அவள் நம் கடைக்குத்தான் வருவாள். யார் வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறாள். அதைக் கெடுத்துவிடாதே.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், என்மேல் கொட்டித் தீர்த்துக்கொள். உன்னை வீட்டுக்குள் வராதே என்று சொல்ல நான் யார் என்று எனக்கும் கேட்கத் தெரியும். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன். உன் அறையில் பாய்கூட உதறிப் போட்டு வைத்தேன், நேற்றுத்தான்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. எந்தக் கரையில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைப் பார்க்காமல் கண் பூத்துப்போன,
அக்கா